இரண்டாவது குத்து

கறுப்புக் கையுறைக்காரி குத்தினாள். எதிராளி தாடையில் வாங்கிக்கொண்டான்.

அடுத்த குத்தைக் கையை உயர்த்திச் சாவகாசமாகத் தடுத்தான்.

நாற்காலிக்குப் பின்னால் நின்ற இயக்குநர் இன்னொரு தடவை ஆடிக் காட்டச் சொன்னார். நொடியக்கா பொத்தான்களை அழுத்தினாள். திரையில் மறுபடியும் தடுத்தான். இருபத்தாறு வருடங்களில், இந்த வீடியோ விளையாட்டின் ஏழு பாகங்களில், அந்த இரண்டாவது குத்தைத் தடுத்த ஆள் கிடையாது.

எட்டாம் பாகத்தின் முன்னோட்டப் பிரதி காலையில்தான் ஆட்டக்காரர்களின் கைக்குப் போயிருந்தது. மதியத்துக்குள் காறித் துப்பிவிட்டார்கள். மூன்று வருடம் உட்கார்ந்து கையுறையின் தையலை நூல் நூலாக வரைந்திருந்தது இந்த அலுவலகம். அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. இரட்டைக் குத்து எங்கே என்றுதான் கேட்டார்கள்.

நொடியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு நொடியை அறுபது துண்டாக நறுக்கி, எந்தத் துண்டில் யார் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனைப் பிரிவில் அவள் வேலை. கறுப்புக் கையுறைக்காரியின் கை கிளம்பிப் போய்ச் சேர ஐந்து துண்டு; திரும்பி வரப் பன்னிரண்டு. அடி வாங்கியவன் தள்ளாடுவதோ ஒன்பது துண்டுதான். ஆக, இவள் கையை இழுத்து அடுத்ததை விடுவதற்குள் அவன் சுதாரித்துவிடுவான். நியாயமான சண்டை.

முதல் பாகத்தில் யாரோ அந்தப் பன்னிரண்டைத் தட்டும்போது முன்னாலிருந்த ஒன்று விடுபட்டுப்போய், இரண்டு மட்டும் பதிவாகிவிட்டது. கை போன வேகத்தில் திரும்பியது. எதிராளி தள்ளாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குத்து விழுந்தது. மூன்றாவது விழாததற்கும் பெரிய தத்துவம் கிடையாது. அதற்குள் ஆள் எட்டாத தூரத்துக்குத் தள்ளப்பட்டிருப்பான்.

அந்த விடுபட்ட ஒற்றை இலக்கத்தின் மேல்தான் சாம்ராஜ்யம் எழுந்தது.

இரண்டாம் பாகத்தில் இரட்டைக் குத்து அட்டைப்படத்துக்கு வந்தது. மூன்றில் எல்லாருக்கும் முப்பரிமாண உடம்பு கிடைத்து, முகங்கள் மரப்பெட்டி மாதிரி ஆயின. குத்துக்கு மட்டும் நீல வெளிச்சம் சேர்ந்தது. நான்கில் ரத்தம் தெறித்தது. பெற்றோர்கள் கொதித்ததும், ஐந்தில் அதே ரத்தத்தை வெளுத்து வியர்வை என்றார்கள்.

ஆறில் கதை வேண்டுமென்று தோன்றியது. நான்கில் செத்த அப்பா எழுந்து வந்து, வில்லன் உன் பெரியப்பாதான் என்று சொல்லிவிட்டு, மறுபடி செத்தார். சாகும்போது மகள் காதில் இரட்டைக் குத்தின் பரம ரகசியத்தை ஓதினார். ஏழில் பெரியப்பாவும் நல்லவராகிவிட்டார். இனி சித்தியை விட்டால் ஆளில்லை.

பேட்டி என்று வந்துவிட்டால் இயக்குநர், கொட்டும் மழையில் தனியாக நின்றபோது அந்தக் குத்து தனக்கு உதித்ததாகச் சொல்வார். முதலாவது உடம்புக்கு, இரண்டாவது மனசுக்கு. அந்த இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். ஏழு பாகத்துக்கும் தழுதழுத்திருக்கிறது.

இப்போது அந்தக் குரலில் ஈரமே இல்லை.

"எவன் கை வெச்சான்னு பாருங்க. சாயங்காலம் அவன் இங்க இருக்கக் கூடாது."

பார்க்க அவசியமே இல்லாமல் பக்கத்து மேசையிலிருந்து லிஃப்ட்காரர் எழுந்தார். இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருடம் லிஃப்டுகளுக்கு நிரல் எழுதியவர். அந்தத் தொழிலில் தீர்க்காத குறை என்றால், இரண்டு மாடிக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஐம்பது வயதில் இன்னொரு கதவைத் தட்டுவது லேசான காரியமில்லை.

"நாந்தான் சார். குறைப் பட்டியல்ல ரொம்பப் பழசா ஒண்ணு கிடந்துச்சு. பாவமேன்னு சரி பண்ணிட்டேன்."

எந்தப் புத்திசாலி எழுதிய குறை அது என்று இயக்குநர் கேட்டார்.

நொடியக்கா பட்டியலைத் திறந்து அடிமட்டத்துக்கு இறங்கினாள்.

'கறுப்புக் கையுறைக்காரியின் கை பத்துத் துண்டு முன்னதாகத் திரும்பிவிடுகிறது. பன்னிரண்டு என்று இருக்க வேண்டும்.'

எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியது. ஒவ்வொரு பாகம் தொடங்கும்போதும் தீராத குறைகளை மொத்தமாக வாரிப் புதுப் பட்டியலில் போடுவது அவள் வழக்கம். என்ன வாருகிறோம் என்று படித்துப் பார்த்தே இருபது வருடம் ஆகியிருக்கும்.

பட்டியலை மூடிவிட்டு, எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ எழுதியது என்று சொல்லியிருக்கலாம். லிஃப்ட்காரர் அதற்குள் தன் இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார்.

அவள் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, திரையை இயக்குநர் பக்கம் திருப்பினாள்.

அவள் பெயருக்குக் கீழே ஏழு பதில்கள். ஏழிலும் ஒரே வாசகம், ஒரே பெயர்.

'நேரமில்லை. அடுத்த பாகத்தில் பார்ப்போம். இயக்குநர்.'

அவர் ஏழையும் படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரும் எங்கேயும் போக வேண்டாம், பழையபடி இரண்டு என்றே போட்டுவிடுங்கள் என்றார்.

லிஃப்ட்காரர் மிக மரியாதையாக மறுத்தார். குறை என்று ஒன்று எழுத்தில் பதிவாகாமல் எந்த எண்ணையும் தொடக்கூடாது. இயக்குநரே போட்ட விதி.

நொடியக்கா புதுப் படிவம் ஒன்றைத் திறந்தாள். குறை என்ன என்று கேட்டிருந்த கட்டத்தில் சற்று யோசித்துத் தட்டினாள்.

'குத்து சரியாக வேலை செய்கிறது.'

இயக்குநர் குனிந்து படித்தார். நேரமில்லை என்ற பேச்சே எடுக்காமல், நின்றபடியே ஒப்புதல் கொடுத்தார்.