மைனஸ் ஒன்பது

சிறை வளாகத்து வேப்ப மரத்தடியில் எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் மூன்றாவதாக நின்ற முருகையன் மட்டும் கொட்டாவி விட்டான். அடையாள அணிவகுப்பு என்றால் யாருக்கும் தூக்கம் கலைந்துவிடும். அவனுக்குக் கலையவில்லை. தூக்கக் கலக்கத்தில் சட்டையை எப்படி மாட்டினோம் என்றுகூட அவன் பார்த்துக்கொள்ளவில்லை.

கைகாட்ட வருகிறவள் வேங்கிக்கால் வினோதினி. அவளுடைய எட்டு பவுன் சங்கிலியை எடுத்தது சாட்சாத் முருகையன்தான். ஆனால் அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவளோ கண்ணாடி இல்லாவிட்டால் கட்டிய கணவனையே தெரியாதவள். இதில் முருகையனுக்கு நேரடி அனுபவம் உண்டு.

சித்ரா பௌர்ணமி கிரிவலத்தில், நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் யாரோ இடித்து அவள் கண்ணாடி எங்கோ விழுந்தது. கணவன் குமரேசன் அதைத் தேடப் போனான். அவள் பக்கத்தில் அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது, யார் பையில் நுழையலாம் என்று பார்த்துக்கொண்டு வந்த முருகையனின் கை.

அடி அண்ணாமலை வரைக்கும் ஒரே திட்டு.

"மைனஸ் ஒன்பது பவரை வெச்சுக்கினு இந்தக் கூட்டத்துல நான் எப்படி நடப்பேன்? எட்டு பவுன் சங்கிலியை பீரோவுல வெச்சுட்டு கவரிங் மாட்டிக்கினு வர்றதெல்லாம் ஒரு பொழப்பா? அடுத்த பௌர்ணமிக்கு உங்க அக்காவைக் கூட்டிக்கினு நீங்களே சுத்துங்க. நான் வீட்லயே கிடக்கறேன். கேக்குதா?"

"ம்" என்றான் முருகையன். குமரேசனும் வீட்டில் அதைத்தான் சொல்வான் போலிருக்கிறது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

குமரேசன் கண்ணாடியோடு ஓடி வருவது தெரிந்ததும் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்தான். பிறகு இருவரையும் வீடு வரை பின்தொடர்ந்து வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டான்.

அடுத்த பௌர்ணமி மாலையில் அந்தத் தெருவே மலை சுற்றப் போயிருந்தது. முருகையன் முகத்தை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. கதவைத் திறந்தவளின் கண்ணாடியைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். அவள் சுவரைத் தடவிக்கொண்டு கத்தினாள். கேட்க ஆளில்லை. பீரோவில் சாவி தொங்கியது. சங்கிலியை எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் இருந்த மோரையும் அவள் எதிரிலேயே நின்று குடித்துவிட்டுக் கிளம்பினான். மோர் குடித்ததைத் தவிர வேறு எதற்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. தொழிலில் அவன் அவ்வளவு கவனம்.

பழைய கேடி என்பதால் போலீஸ் சந்தேகத்தில் பிடித்துப் போட்டது. சங்கிலி மட்டும் கிடைக்கவில்லை. இன்று வினோதினி கைகாட்டாவிட்டால் அவன் வெளியே போய்விடலாம்.

கேட் திறந்தது. வினோதினி உள்ளே வந்தாள். அவள் முகத்தில் கண்ணாடி இல்லை.

முருகையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பாவம், இன்னும் வேறு கண்ணாடி வாங்கவில்லை போலிருக்கிறது.

அணிவகுப்பை நடத்த வந்திருந்த நீதிபதியும் அதைக் கவனித்தார். "நீங்க கண்ணாடி போடறவங்கதானேம்மா? எங்க அது?"

"இப்ப தேவையில்லீங்க சார். லேசர் ஆபரேஷன் பண்ணிக்கினேன். அதோ, அந்த மதில் மேல இருக்கற காக்காவுக்கு ஒரு கால் ஊனம். அதுகூடத் தெரியுது."

முருகையன் மதிலைப் பார்த்தான். காக்கா ஒற்றைக் காலில்தான் நின்றது. அவனுக்கு இப்போதுதான் தூக்கம் கலைந்தது.

வினோதினி முதல் ஆளைப் பார்த்தாள். இரண்டாவது ஆளைப் பார்த்தாள். முருகையனிடம் வந்ததும் நின்றுவிட்டாள். முகத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். கடைசி ஆள் வரை போனவள் திரும்பி வந்து அவன் எதிரிலேயே நின்றாள்.

காக்காவின் கால் தெரிகிறவளுக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் நின்று மோர் குடித்தவனின் முகமா தெரியாது? இவள் விரலை நீட்டுவதற்குள் தானே ஒப்புக்கொண்டால் தண்டனையாவது குறையும் என்று அவனுக்குப் பட்டது.

"போதும்மா, அப்படிப் பாக்காதீங்க" என்றான். "நான்தான் சார் எடுத்தேன். சங்கிலியைக் கீழ்பென்னாத்தூர்ல எங்க அக்கா வூட்டு மாட்டுக் கொட்டாயில பொதைச்சு வெச்சிருக்கேன். நானே ஒத்துக்கினேன், பாத்து கம்மியா போடுங்க சார்."

நீதிபதி அதை எழுதி முடித்துவிட்டு, முறைப்படி வினோதினியிடம் கேட்டார். "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தது இவர்தானாம்மா?"

வினோதினி திருதிருவென்று விழித்தாள். "எனக்கு எப்படி சார் தெரியும்? வரச் சொன்னாங்க, வந்தேன். இவர் சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்காரு, சொல்லலாமா வேணாமான்னு பாத்துக்கினு இருந்தேன்.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கினதே சங்கிலி திருடு போனதுக்கு அப்புறந்தானே?"