முதல் வரிசையில் ராஜபாய்

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளைத் தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்காக நாகர்கோவிலில் ஐந்து நாள் பயிற்சி நடத்தினாள் பெமிலா.

பாடங்களைக் கேட்டுப் பயந்து, இரண்டாம் நாளே மூன்று தம்பதிகள் நின்றுவிட்டார்கள். இராஜாக்கமங்கலத்திலிருந்து தனியாக வந்த ராஜபாய் மட்டும் தினமும் முதல் வரிசையில் இருந்தாள். வலிப்பு வந்தால் எப்படிப் படுக்கவைப்பது, விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு எப்படிக் கஞ்சி கொடுப்பது என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். பெமிலாவுக்கு அவளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கடைசி நாள் பெமிலாவே அவளிடம் போனாள். “அக்கா, ஒங்கள மாதிரி ஒரு அம்மா கெடைக்க அந்தப் பிள்ள குடுத்து வச்சிருக்கணும். விண்ணப்பத்த மட்டும் ஏன் இன்னும் தரல்ல?”

“எனக்குத் தத்தெல்லாம் வேண்டாம் டீச்சர்.”

“பின்ன எதுக்கு அஞ்சு நாளும் வந்திய?”

ராஜபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வீட்டுல எனக்கு இப்படி ஒரு மவ இருக்கா. ஒம்பது வயசாச்சு. இதையெல்லாம் சொல்லித் தாங்கன்னு போற எடத்துல எல்லாம் கேட்டுப் பாத்தேன். பெத்தவளுக்குத் தெரியாததான்னு சிரிச்சாவ. அதான், தத்தெடுக்கப் போறேன்னு பொய் சொல்லி இங்க சேந்தேன்.”