உழாத காடு

ஏரையும் ஏரோட்டி செங்கோடனையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்காரர் குமாரசாமி வந்தபோது, காளியாத்தாள் இடுப்பில் ஒரு வெறுங்கூடையுடன் வரப்பில் காத்திருந்தாள்.

“ஆடி பாதி போயிருச்சு. புழுதி ஓட்டாதவளுக்குக் குத்தகை எதுக்கு? பூட்டுடா செங்கோடா.”

நிலத்துக்காரர் ஏர் ஒரு சால் ஓடினால் போதும், குத்தகை முறிந்தது.

ஆனி முடிவதற்குள் நாலு உழவு ஓட்டி மண்ணை மாவாக்கி வைப்பவன்தான் அந்த ஊரில் நல்ல குடியானவன். இவள் காட்டிலோ போன வெள்ளாமையின் சோளக்கட்டை முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றது. தரையோடு அறுத்திருந்தால் மாடாவது தின்றிருக்கும். காற்று அடங்கி மழை விழட்டும், அப்புறம் உழுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். ஊரே சிரித்தது.

மாடு பசியில் கத்தியது அவளுக்கும் கேட்கத்தான் செய்தது. அழுதாள். ஆனாலும் ஒரு கட்டையைக்கூடப் பிடுங்கவில்லை.

மேட்டூரில் அணை கட்டி என்ன, இந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறப்போவதில்லை. இருப்பது மண் ஒன்றுதான். அதையும் காற்றுக்குக் கொடுத்துவிடுவதா?

இன்றும் மேற்கேயிருந்து மேல்காற்று முகத்தில் அறைந்தது. எங்கே தொடங்குவது என்று குமாரசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். காளியாத்தாள் மறிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. மேற்கு ஓரத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

அங்கே கலப்பையின் கொழு இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. செங்கோடன் மாடுகளை நிறுத்துவதற்குள் கலப்பை பாதி புதைந்துவிட்டது.

சரளைக் காட்டில் இத்தனை மண் ஏது?

அவன் குனிந்து அள்ளினான். மாவு மாவாகச் செம்மண். கட்டைகளுக்கு நடுவே முழ ஆழத்துக்குப் படிந்து கிடந்தது.

கையிலிருந்த மண்ணைப் பார்த்தான். பிறகு மேற்கு வரப்புக்கு அந்தப் புறம் பார்த்தான். குமாரசாமியும் பார்த்தார்.

அது அவருடைய சொந்தக் காடு. செங்கோடன் தன் கையால் நாலு உழவு ஓட்டிய புழுதி, ஊரே மெச்சியது. காற்றுக்குப் பயந்து பத்து நாளாக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது அங்கே வெறும் கல் தெரிந்தது.

செங்கோடன் யாரையும் கேட்காமல் மாடுகளை அவிழ்த்தான்.

காளியாத்தாள் கூடையைக் குமாரசாமியின் காலடியில் வைத்தாள்.

“உங்க மண்ணுதானுங்க சாமி, வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க. காடு எங்கிட்டயே இருக்கட்டும்.”