வக்கீல் ஃபீஸ்

எமர்ஜென்சி முடிந்த வருஷம். இறந்துபோன அக்காவின் ஆறு வயது மகள் ரோஸிக்குச் சட்டப்படி கார்டியனாக வேண்டும் என்று, நர்ஸ் பிலோமினா கரோல் பாக்கில் வக்கீல் சூசைராஜைப் பார்க்கப் போனாள்.

முத்திரைத்தாள், பேப்பர் நோட்டீஸ், வக்கீல் ஃபீஸ் என்று அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் அவளுடைய மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியது.

"கொஞ்சம் குறைக்கக்கூடாதா சார்?"

"முடியாதுங்க. கல்யாணமாகாதவங்கன்னு ஜட்ஜ் ஸாப் வேற நோண்டுவார். நாலஞ்சு வாய்தா ஆகும்."

அவள் விடவில்லை. வாராவாரம் ரோஸியோடு வந்து பேரம் பேசினாள். ரோஸி அவருடைய ஃபைல் அட்டைகளில் யானை வரைந்தாள்.

நாலாவது வாரம் சூசைராஜ் பட்டியலில் தன் ஃபீஸைத் தானே கோடு போட்டு அடித்துவிட்டார்.

"ஏன் சார்?"

"எனக்கும் கல்யாணமாகலை. சொந்தப் பெண்டாட்டி கேஸுக்கு ஃபீஸ் வாங்க முடியுமா?"

பிலோமினா பட்டியலை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"அச்சா. அப்ப கல்யாணச் செலவை இதுல எழுதலியே?"