வீட்டுத் தண்ணீர்

"கல் நெஞ்சுக்காரி. என் புருஷன் தூக்கிட்டு வந்த தண்ணியை என் கண்ணு முன்னாடியே கொட்டிட்டா" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் முறையிட்டாள் தையல்காரி.

அவளுக்கு முட்டி மாற்றி நாலு நாள் ஆகியிருந்தது. எலும்பு கருங்கல்லாய் இறுகிப் போய், அறுக்கும்போது இரண்டு பிளேடு உடைந்ததாம். குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதுதான் எலும்பில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த முட்டிக்கும் தேதி குறித்தாகிவிட்டது.

தையல்காரி நம்பவில்லை. இருபது வருஷமாகக் குடிக்கிற போர் தண்ணீர், பளிங்கு மாதிரி இருக்கும். மெஷின் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்ததற்குத் தண்ணீர் என்ன பண்ணும்?

ஆஸ்பத்திரித் தண்ணீர் சப்பென்று இருந்தது. அதனால் புருஷன் தினமும் ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்தான். காலை மடக்கப் பழக்கும் பிசியோ தினமும் அதைக் கொட்டினாள்.

அந்தப் பிசியோவை வார்டில் யாருக்கும் பிடிக்காது. மாஸ்கைக் கழற்றவே மாட்டாள். மூஞ்சியைக் காட்டினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று தையல்காரி முணுமுணுப்பாள்.

ஐந்தாம் நாள் மகள் வந்தாள். ஒன்பதாவது படிக்கிறவள். ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபடி ஒரு கையில் கேன், மறு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஏன் பாப்பா வாயை மூடிக்கிட்டே இருக்கே?" என்றாள் பிசியோ, தையல்காரியின் காலை மடக்கியபடி.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "ஒழுங்கா பல்லு விளக்கினாத்தானே. பூரா காவி பிடிச்சுக் கிடக்கு. திட்டியும் பாத்தாச்சு, அடிச்சும் பாத்தாச்சு. சோம்பேறிக் கழுதை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிசியோ காலை மெல்லக் கீழே வைத்தாள். மாஸ்கை இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

பல் வரிசை முழுக்கப் பழுப்புக் கோடு.

"நான் ஒரு நாளைக்கு நாலு தடவை விளக்குவேன்மா, ரத்தம் வர்ற வரைக்கும். எங்க வீட்டுலயும் போர் தண்ணிதான். பளிங்கு மாதிரி இருக்கும்."

தையல்காரி கட்டுப் போட்ட தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடப் பாவாடைக்குக் கீழே தெரிந்த மகளின் முட்டியைப் பார்த்தாள்.

மகள் கட்டிலோரம் வைத்திருந்த கேனை அவள் பக்கமே தள்ளினாள்.

"இந்தா. நீயே போய்க் கொட்டிட்டு வா."

மகள் இந்தத் தடவை கேனை இரண்டு கையாலும் தூக்கினாள்.