குட்டைத் தோட்டா

கடலூர் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டி வரைக்கும் மதிய வெயில் வந்து படுத்திருக்கிறது. குமராட்சிக் கொளஞ்சி, தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டியிலிருந்து பிரிக்கிறார். பஸ்ஸில் அதற்குக் கிழித்த லக்கேஜ் டிக்கெட்டும் கூடவே விழுகிறது. கடைக்காரர் ஜெயசீலன், தோட்டா உட்காரும் அறைக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்கிறார். "ரெண்டரை இஞ்சிதான் மாமா. இப்ப வர்ற தோட்டா நீளம் ஜாஸ்தி. உள்ள போயிடும், ஆனா வெடிக்கறப்ப தோட்டாவோட வாய் விரிய எடம் பத்தாது. கொழலே பொளந்துக்கும்." "பொளந்தா பொளக்குது மாப்ள. பன்னிய வெரட்ட சத்தம் வந்தா போதும். வூட்ல நான் ஒருத்தன்தான், வேற யாருக்கும் சேதாரமில்ல." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். மேலே மின்விசிறி கிரீச்சிடுகிறது. ஜெயசீலன் சிரிக்காமல் நீளத் தோட்டாப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். "குட்டத் தோட்டாவுக்குச் சொல்லி வுடுறேன். வந்ததும் கூப்புடுறேன், நம்பர் சொல்லுங்க." "எங்கிட்ட ஏதுப்பா போனு? வாராவாரம் நானே வந்து பாத்துக்கறேன்." அவருடைய சட்டைப்பையில் செல்போன் செவ்வகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஜெயசீலன் அதைப் பார்க்கிறார். பிறகு ஆர்டர் நோட்டில், நம்பர் எழுத வேண்டிய இடத்தில், 'நேரில் வருவார்' என்று எழுதுகிறார்.