காதுக்குப் பின்னால் ஒன்று

அவள் மகளின் சடை நுனியை வெந்நீரில் முக்கி எடுத்தாள். துண்டில் ஒற்றினாள். இனி பிரியாது.

அடுத்தது.

சியோமா அவள் காலடியில் உட்கார்ந்து டிவியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்கக் கட்டம் கட்டமாக வகிடு. கட்டத்துக்கு ஒரு சடை, சவுரி சேர்த்து மெலிசாக.

முதலில் போட்டுவிட்டவன் குழந்தையின் அப்பா எமேகா. திருப்பூருக்குப் பனியன் எடுக்க வந்து, இவளைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிப்போனவன். விசா விஷயமாகத் தன் சொந்த ஊர் லாகோஸுக்குக் கிளம்பும் முன்பு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பின்னினான். இந்தச் சடை தளர்வதற்குள் வந்துவிடுவேன் என்றான்.

இவளிடம் சொல்லியிருந்தால் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சடையைக் காப்பாற்றுவது இவள் பாடாயிற்று.

முதல் வெள்ளிக்கிழமையே சொதப்பினாள். வழக்கம்போலத் தலை நிறைய எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துவிட்டாள். தூள் சடைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரை பழைய பல் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாள். எமேகா போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போதெல்லாம் போன் வந்துகொண்டிருந்தது.

பிறகு பழகிவிட்டது. வேர்க்காலில் மட்டும் தண்ணீர் தெளிப்பு, பஞ்சில் துளி எண்ணெய். படுக்கும்போது, தான் வேலைக்குப் போகும் கம்பெனியில் மிஞ்சிய சாட்டின் துணியில் தலைக்கட்டு. பிசிறு கிளம்பினால் கத்தரி. ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி அனுப்பச் சொன்ன டீச்சரிடம், யாரிடமும் வாய் திறக்காத இவள், போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

முடி வளர்வதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் சியோமா கண்ணாடி முன் நின்று நெற்றியோரச் சடையை இழுத்துப் பார்த்தாள். தளர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

இல்லை என்றாள் இவள்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு வரிசை. பழையதைப் பிரித்து, சிக்கெடுத்து, வேரை ஒட்டிப் புதிதாகப் போட்டாள். குழந்தை கேட்டால், பிசிறு சரி பண்ணுவதாகச் சொன்னாள்.

அவன் புரியை அடியில் விட்டுப் பின்னுவான். இவளுக்குக் கை பழகியது மேலே போட்டுத்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தடவினால் தெரியும்.

தடவிப் பார்க்க யார் இருக்கிறார்கள்.

எமேகாவின் எண் இப்போது அடிப்பதே இல்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைக் கையில் காட்டினால் குழந்தைக்கு வலிக்கும். மெதுவாகவே பின்னினாள்.

வரிசை முடிந்தது. வலது காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் மிச்சம். அது இருக்கட்டும் என்று சீப்பைக் கீழே வைத்தாள்.

சியோமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் பின்னால் வந்தது. சடைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனது. அந்த ஒன்றில் நின்றது.

"இது ஒண்ணுதான் அப்பா போட்டது. இதையும் நீயே போட்டுரும்மா."

அவள் சீப்பை எடுத்தாள். சீப்புக்கு வேலை இருக்கவில்லை. நுனியைத் தொட்டதுமே சடை தானாகப் பிரிந்துகொண்டு வந்தது.